ஆர்கான் வெல்டிங்கில் டங்ஸ்டன் கெடுவதும் அதன் காரணங்களும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மானாவாரியாகவே பயிராகின்றன. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த மக்காச்சோளம் தை, மாசி மாதங்களில் களத்துக்கு வந்து சேருகிறது. அச்சமயத்தில் கதிரடிக்கும் யந்திரத்தின் சல்லடைத் தகடு கிழிந்துவிட்டால், கூலியாட்களும் வாடகை யந்திரமும் சும்மா நிற்பதுடன், குவித்து வைத்த கதிரும் பனியில் நனைகிறது. பால் கறந்து ஊற்றுவோருக்கும் இத்தகைய தொல்லை உண்டு. எவர்சில்வர் கேனின் அடியில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று கண்டாலும் பால் சொட்டிக்கொண்டே போகும். பொருளைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று பற்றவைத்துக்கொண்டு வந்த பிறகும், மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடியும் ஒழுகினால் விவசாயி பட்டறைக்காரரைக் குறை கூறுகிறார். பட்டறைக்காரர் யந்திரத்தைக் குறை கூறுகிறார். யந்திரம் விற்றவர் டங்ஸ்டன் மட்டமானது என்கிறார். உண்மையான காரணம் அநேகமாக இம்மூன்றிலும் இருப்பதில்லை.

மெல்லிய தகட்டையும் எவர்சில்வரையும் இணைப்பதற்குத் தற்காலத்தில் பட்டறைகளில் கையாளப்படும் முறை ஜனங்களால் ஆர்கான் வெல்டிங் என்று வழங்கப்படுகிறது. தொழிற்கல்விப் புத்தகங்களில் இதற்கு டிக் வெல்டிங் என்று பெயர். 1941-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித் என்பவர், எளிதில் தீப்பற்றும் மக்னீசிய உலோகத்தை இணைக்கும் பொருட்டு இம்முறையை உருவாக்கினார். அவர் உபயோகித்தது ஹீலியம் வாயு; ஆர்கான் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. அண்டை ஜில்லாவாகிய திருச்சிராப்பள்ளியில் கொதிகலன் செய்யும் பெல் தொழிற்சாலையில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஏற்பட்டது. கொதிகலன் குழாய்களின் இணைப்பில் முதல் ஓட்டத்தை இம்முறையில் போடுவதே வழக்கமாதலால், திருச்சியைச் சுற்றிய பட்டறைகளில் இவ்வேலை பழகியவர்கள் பலர் இருக்கின்றனர்.

எல்லா வேலைக்கும் இம்முறை வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கலப்பைக் கொழு, கல்டிவேட்டர் கால், டிரெய்லரின் கொக்கி முதலிய கனமான பாகங்களுக்குச் சாதாரண ராடு வெல்டிங்கே போதும். அதுவே சிக்கனமும் ஆகும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு உட்பட்ட தகடு, தெளிப்பான் சட்டத்தின் மெல்லிய குழாய், எவர்சில்வர் பாத்திரம் ஆகியவற்றுக்கே ஆர்கான் வெல்டிங் ஏற்றது. அலுமினியக் கேன்களுக்கு வேறு வகை மின்சாரம் தேவை. அவ்விஷயம் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இம்முறையில் டார்ச்சின் நுனியில் ஒரு டங்ஸ்டன் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் வேலைப்பொருளுக்கும் இடையே மின்வில் எரிந்து இரும்பை உருக்குகிறது. டங்ஸ்டனைச் சுற்றியுள்ள பீங்கான் கப்பின் வழியாக ஆர்கான் வாயு இறங்கி, உருகிய குழம்பையும் டங்ஸ்டனையும் காற்று அணுகாமல் மூடி நிற்கிறது. நிரப்புக் கம்பியை மற்றொரு கையால் தனியே ஊட்ட வேண்டும். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். உருகுவதற்கு இவ்வளவு அரிதான அவ்வுலோகம், பழுக்கக் காய்ந்த நிலையில் காற்றுப் பட்டால் வெகு எளிதில் எரிந்து பொடியாகிவிடும். இத்தன்மையை மனத்தில் கொண்டால் பின்வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தாமே விளங்கும்.

ராடு வெல்டிங் பழகிய கைக்கு மற்றொரு விஷயமும் புதிதாகத் தோன்றும். ராடின் மேற்பூச்சு உருகும்போது துருவையும் அழுக்கையும் ஓரளவு தின்று கசடாக மேலே ஒதுக்கிவிடுகிறது. ஆர்கான் வெல்டிங்கில் அத்தகைய பூச்சு ஏதும் இல்லை. ஆர்கான் காற்றைத் தடுக்குமேயன்றி அழுக்கை நீக்காது. துரு, வர்ணம், எண்ணெய், உருட்டாலைத் தகட்டின் மேலுள்ள நீலக் கருமைப் படலம், நாகப்பூச்சு ஆகிய எதன்மேல் பற்றவைத்தாலும் அது குழம்பில் கொதித்துக் குமிழியாகி, ஆறிய பின் ஊசித் துளையாக நின்றுவிடும். மக்காச்சோளத் தூசியும் கிரீசும் ஏறிய சல்லடையை அப்படியே மேஜையில் வைத்துப் பற்றவைக்கச் சொல்வது பணத்தை வீணாக்குவதேயாகும். இணைப்பின் இருபுறமும் ஓர் அங்குல அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று உலோகம் தெரியுமாறு தேய்த்து எண்ணெயைத் துடைத்து எடுத்துச் செல்லும் வேலையை விவசாயி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கோளாறு கண்டவுடன் காரணம் எப்பக்கம் இருக்கிறது என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. புதிதாகச் சாணை பிடித்த டங்ஸ்டனை மாட்டி, பளபளவென்று தேய்த்த புதுத் தகட்டுத் துண்டொன்றில், கம்பி ஊட்டாமல், நான்கைந்து விநாடி ஓரிடத்தில் வில்லை நிறுத்திப் பொட்டு ஒன்று உருக்க வேண்டும். பின்பு வில்லை அணைத்து, வாயு நிற்கும் வரை டார்ச்சை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். பொட்டு மினுமினுப்பாகவும் துளையின்றியும் இருந்து, டங்ஸ்டன் நுனியும் வெள்ளிபோல் வெளுத்திருந்தால் யந்திரம், டார்ச், வாயு மூன்றும் சரியாக உள்ளன. குற்றம் வேலைப்பொருளின் அழுக்கிலோ நிரப்புக் கம்பியிலோதான் இருக்கிறது. பொட்டு கருத்துப் பொங்கினாலும், நுனி நீலமோ கருமையோ அடைந்தாலும் வேலைப்பொருளைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. டார்ச்சையும் வாயுவையும் ஆராய வேண்டும். அரை நிமிஷத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் அரை நாள் தடுமாறும் பட்டறைகள் உண்டு.

டங்ஸ்டன் நுனி, என்ன நேர்ந்தது என்பதைத் தானே காட்டும். நுனி ஊசிபோல் இருந்தது போய், வில் பற்றிய சில விநாடிகளிலேயே உருண்டு குண்டாகிவிட்டால் மின் இணைப்பு மாறியிருக்கிறதென்று அறியலாம். எஃகு வேலைக்கு டார்ச்சை எதிர்முனையிலும் எர்த்து கிளாம்பை நேர்முனையிலும் மாட்ட வேண்டும். அவ்வாறு மாட்டினால் உஷ்ணத்தில் ஏறத்தாழ 70 சதவிகிதம் வேலைப்பொருளுக்கும், எஞ்சியது டங்ஸ்டனுக்கும் போய்ச் சேரும். மாற்றி மாட்டினால் இக்கணக்குத் தலைகீழாகும். கிராமப் பட்டறைகளில் இது அடிக்கடி நேருவதற்குக் காரணம், ஒரே இன்வெர்ட்டர் யந்திரத்தை இரு வேலைகளுக்கும் வைத்துக்கொள்வதே. ராடு வெல்டிங்குக்குப் பிடிப்பானை நேர்முனையில் மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் டார்ச்சைச் செருகிவிடுகிறார்கள். இரண்டு மூன்று டங்ஸ்டன் வீணான பிறகே தவறு கண்ணுக்குப் படுகிறது.

இணைப்புச் சரியாக இருந்தும் நுனி உருகினால், அக்கம்பியின் பருமனுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது எனக் கொள்ள வேண்டும். 1.6 மில்லிமீட்டர்க் கம்பி சுமார் 70 முதல் 150 ஆம்பியர் வரையிலும், 2.4 மில்லிமீட்டர்க் கம்பி 150 முதல் 250 ஆம்பியர் வரையிலும் தாங்கும். இதற்கு மாறாக, பருத்த கம்பியில் குறைந்த ஆம்பியர் வைத்தால் வில் ஓரிடத்தில் நில்லாமல் நுனியைச் சுற்றி அலையும். மெல்லிய சல்லடைத் தகட்டுக்கு 2.4 கம்பியை மாட்டிவிட்டு வில் அடங்கவில்லை என்று முறையிடுவோர் உளர்.

நுனி நீலமாகவோ கருஞ்சாம்பல் நிறமாகவோ மாறினால் காய்ந்த டங்ஸ்டனைக் காற்று தீண்டியிருக்கிறது. வில் அணைந்தவுடன் டார்ச்சைத் தூக்கிவிடுவதே இதற்கு முதற்காரணம். ஒவ்வொரு 10 ஆம்பியருக்கும் ஒரு விநாடி வீதம், அதாவது 80 ஆம்பியரில் வேலை செய்தால் சுமார் 8 விநாடி, வில் அணைந்த பின்னும் வாயு ஓட வேண்டும். டார்ச்சிலேயே திருகு வால்வு உள்ள வகையில் அவ்வால்வைக் கையால் மூடுவது ஆகையால், வாயு மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில் உடனே மூடிவிடுகிறார்கள். மிச்சமாகும் வாயுவைவிட மறுபடி சாணை பிடித்துத் தேய்ந்துபோகும் டங்ஸ்டனின் விலை அதிகம். கப்பின் உட்புறத்தில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்பொடி எரிந்துபோன டங்ஸ்டனே. சிலிண்டர் மூடியிருத்தல், தீர்ந்துபோதல், குழாய் மடங்கியிருத்தல் ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும். கரியமில வாயு கலந்த ஆர்கான் சிலிண்டரைத் தவறுதலாக மாட்டினாலும் இதே குறி தோன்றும். அக்கலப்பு, கம்பிச் சுருளை ஊட்டும் மிக் யந்திரத்துக்கு உரியது, டங்ஸ்டனுக்கு நஞ்சு. சிலிண்டரின் சீட்டைப் படித்து, 99.99 சதவிகிதத்துக்குக் குறையாத தூய ஆர்கான்தானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வாயுவின் அளவைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று பரவியிருக்கிறது. துளை விழுந்தால் வாயுவைக் கூட்டு என்பதே பலரும் கூறும் பரிகாரம். சாதாரண 6-ம் எண் கப்புக்கு நிமிஷத்துக்கு 7 முதல் 10 லிட்டர் போதும். அதற்கு வெகுவாக மேற்பட்டால் வாயு அமைதியாக இறங்காமல் சுழித்துக் கொந்தளித்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துவரும். துளை குறைவதற்குப் பதில் கூடும். டங்ஸ்டனையும் கப்பின் உள்வாய் அகலத்துக்கு மேல் வெளியே நீட்டலாகாது. 6-ம் எண் கப்பில் அது சுமார் 9 மில்லிமீட்டர். சாதாரண வேலைக்கு அதில் பாதி நீட்டினால் நலம்.

ஆனி, ஆடி மாதங்களில் இவ்வட்டாரத்துச் சமவெளியில் அடிக்கும் மேல்காற்றை அறியாதவர் இல்லை. அம்மியே பறக்கும் என்று சொல்லப்படும் அக்காற்றின் முன் கப்பிலிருந்து இறங்கும் ஆர்கான் ஒரு கணமும் நிற்காது. வயல் வரப்பில் வைத்தே பற்றவைக்கும்போது இருபுறமும் தகடோ படுதாவோ கட்டி மறைக்க வேண்டும். பட்டறைக்குள்ளேயும், புழுக்கத்துக்கு வைத்த மின்விசிறி நேரே வேலைமேல் வீசுவதால் துளை விழுந்து, காரணம் தெரியாமல் திகைப்பதுண்டு.

காற்று வெளியிலிருந்துதான் வரவேண்டுமென்பதில்லை. டார்ச்சின் உள்வழியாகவும் புகும். டார்ச்சின் பின்மூடியில் ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து வெடித்தாலும், மூடி தளர்ந்தாலும் ஓடும் வாயு அவ்வழியே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கப் விரிசல் கண்டாலும், காலெட்டைத் தாங்கும் பித்தளை உறுப்புச் சரியாக முடுக்கப்படாவிட்டாலும் விளைவு அதுவே. ரப்பர் வளையம் சொற்ப விலையுள்ளது; அதற்காக டார்ச் முழுவதையும் மாற்றியவர்கள் உண்டு. ரெகுலேட்டர் முதல் டார்ச் வரை உள்ள பூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நன்று. 7 கன மீட்டர் கொண்ட சிலிண்டர், நிமிஷத்துக்கு 8 லிட்டர் வீதம், 14 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அதற்கு வெகு முன்பே தீர்ந்துபோனால் எங்கோ கசிகிறது.

டார்ச் கையில் பிடிக்க முடியாமல் சுடுவது வேறொரு முறையீடு. காற்றால் ஆறும் 17-ம் எண் டார்ச் 150 ஆம்பியருக்கே ஏற்பட்டது. அதுவும் இடைவிடாமல் அன்று. யந்திரங்களின் வேலைத்திறன் 40 டிகிரி சுற்றுப்புற உஷ்ணத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் உஷ்ணம் அதனைத் தாண்டிவிடுமாதலால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் எரிக்கலாம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் அக்காலத்தில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த ஆம்பியரிலும் சுட்டால் காலெட் டங்ஸ்டனை இறுகப் பிடிக்கவில்லை அல்லது கேபிள் முனை தளர்ந்திருக்கிறது என்று பொருள். கம்பியின் பருமனுக்குப் பொருந்தாத காலெட்டை மாட்டி முடுக்கினால் இவ்வாறு நேரும்.

நீரால் ஆறும் டார்ச் வைத்திருப்பவர்கள் இவ்விரு ஜில்லாக்களில் விசேஷமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரியலூர்ப் பூமி பல கோடி வருஷங்களுக்கு முன் கடலாயிருந்தது. அக்கடலின் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகி இன்றும் அகப்படுகின்றன. பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் கல்லாய்ப்போன மரமும் கிடக்கிறது. சிமெண்டுத் தொழிற்சாலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் அதே பூமியினூடே ஊறிவரும் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீராக இருக்கிறது. வெந்நீர்ப் பானையில் வெள்ளையாக ஏடு படிவதைக் காணாத வீடு இராது. அந்நீரை டார்ச்சின் குளிர்ப்பெட்டியில் ஊற்றினால், வைக்கோலைவிடக் குறுகலான அதன் நீர்வழிகளில் அதே ஏடு படிந்து அடைத்துவிடும். டார்ச் தலை வெந்து கேபிள் உருகும்போது டார்ச் மட்டமானது என்ற முடிவுக்கு வருகிறார்கள். காய்ச்சி வடித்த நீரோ, இதற்கென விற்கும் குளிர்த் திரவமோ அன்றி வேறெதுவும் ஊற்றலாகாது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஆர்கான் வேலை வரும் பட்டறைக்கு நீர் டார்ச் அவசியமேயில்லை.

சாணை பிடிப்பதிலும் முறை உண்டு. கம்பியைச் சக்கரத்தின் ஓட்டத்துக்கு நேராக, நுனியை மேல்நோக்கிப் பிடித்து உருட்டித் தீட்டினால் கீறல்கள் நீளவாக்கில் அமையும். வில் நேராக இறங்கும். குறுக்கே தீட்டினால் வில் பக்கவாட்டில் சிதறும். கூர்மையின் நீளம் கம்பிப் பருமனைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்கலாம். அரிவாளும் கொழுவும் தீட்டும் கல்லில் டங்ஸ்டனைத் தீட்டலாகாது. இரும்புத் துகள் நுனியில் ஏறி வில்லைக் கெடுக்கும். வேலை நடுவே நுனி குழம்பில் தோய்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, அழுக்கேறிய பகுதியை ஒடித்தெறிந்து மீண்டும் தீட்ட வேண்டும். தோய்ந்த நுனியுடன் ஓட்டத்தைத் தொடர்ந்தால் டங்ஸ்டன் துணுக்கு இணைப்பினுள் தங்கி, பின்னர் விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

டங்ஸ்டன் கம்பியின் முனையில் பூசிய வர்ணம் அதன் வகையைக் குறிக்கும். சிவப்பு வர்ணக் கம்பியில் தோரியம் கலந்திருக்கிறது. எஃகு வேலைக்கு அது நன்றாக உழைக்குமாயினும் தோரியம் கதிரியக்கமுள்ள பொருள். தீட்டும்போது எழும் தூசி மூச்சில் புகுந்து நுரையீரலில் தங்கினால் தீங்கு விளையும். சாம்பல் வர்ணமுள்ள சீரியக் கம்பியும், பொன், நீல வர்ணங்களுள்ள லாந்தனக் கம்பிகளும் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றில் இவ்வாபத்து இல்லை. பட்டறையில் சிறுவர்களையும் உதவிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் சட்டவிரோதமாக ஆங்காங்கே இன்னும் தென்படுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்கூறிய பொட்டுச் சோதனையில் எல்லாம் சரியென்று கண்ட பிறகும், கம்பி ஊட்டியவுடன் மட்டும் துளை விழுந்தால் கம்பியைச் சந்தேகிக்கலாம். பழைய கேஸ் வெல்டிங் கம்பியும் செம்புப் பூச்சுடன் இதைப்போலவே தோன்றும். ஆனால் குழம்பிலுள்ள பிராணவாயுவைக் கட்டும் சிலிக்கனும் மாங்கனீஸும் அதில் போதிய அளவு இல்லை. இரும்புத் தகட்டுக்கு ஈ.ஆர். 70 எஸ்-2 அல்லது எஸ்-6 என்று முத்திரையிட்ட கம்பியும், 304 வகை எவர்சில்வருக்கு 308 எல் கம்பியும் வாங்க வேண்டும்.

பால் கேனைப் பற்றவைப்பதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. வெளிப்புறம் ஆர்கானால் மூடப்பட்டு அழகாக அமைந்தாலும், உட்புறத்தில் காற்றுப் பட்டுக் கருஞ்சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பொருக்கு எழும். எவ்வளவு கழுவினாலும் அப்பொருக்கில் பால் தங்கிப் புளிக்கும். துருவும் அங்கேயே பிடிக்கும். ஒழுக்கு நின்றும் பால் திரிகிறது என்றால் கேனின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கேனின் வாயை மூடி, உள்ளேயும் சிறிது ஆர்கானை மெதுவாகச் செலுத்திக்கொண்டு பற்றவைத்தால் உட்புறமும் வெளுப்பாகவோ வைக்கோல் நிறமாகவோ இருக்கும். நீலம் கண்டால் தேய்த்து மெருகிட வேண்டும். கருத்துப் பொருக்குக் கட்டியிருந்தால் அவ்வேலையை ஏற்றுக்கொள்ளலாகாது.

வில் பற்றாமல் விட்டுவிட்டு எரிந்தால் எர்த்து கிளாம்பு வர்ணத்தின்மேலோ துருவின்மேலோ கவ்வியிருக்கிறதா என்று பார்க்கலாம். நீண்ட மெல்லிய ஒயரில் மின்சாரம் இழுத்தாலும் அழுத்தம் தாழ்ந்து வில் துடிக்கும். கிணற்றுக் கொட்டகையின் இலவச விவசாய மின் இணைப்பை இதற்கு உபயோகிப்பது விதிக்கு விரோதமாகையால், தோட்டத்தில் செய்யும் வேலைக்கு ஜெனரேட்டரே தகுந்தது.

பூச்சிமருந்துத் தொட்டியையும் டீசல் தொட்டியையும் உள்ளே கழுவி ஆவி போக்காமல் எக்காரணத்தாலும் வில்லுக்கு அருகே கொண்டுவரலாகாது. குளோரின் கலந்த கழுவு திரவங்கள் வில்லின் ஒளி பட்டு நச்சு வாயுவாக மாறும். நாகப்பூச்சுக் குழாயின் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆர்கானுக்கு மணமும் நிறமும் இல்லை. காற்றைவிடக் கனமானதாகையால் பெரிய தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். தொட்டிக்குள் இறங்கிப் பற்றவைப்பவர் மூச்சுத் திணறலை உணருமுன்பே நினைவு இழந்துவிடுவார். அத்தகைய வேலையில் வெளியே ஒருவர் கண்காணித்து நிற்பதும், விசிறியால் புதுக்காற்றை உட்செலுத்துவதும், ஓய்வுக்கு வெளியேறும்போது டார்ச்சைத் தொட்டிக்குள் விட்டுவராமல் சிலிண்டர் வால்வையே மூடிவிடுவதும் வேண்டும்.